ஐந்தாம் பாடும் ஏழாம் வகுப்பும்

1

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் அண்ணனைத் தோற்கடித்துவிட்டார்கள். நீதிபதிகளாக உட்கார்ந்த ஐந்து பேரில் நான்கு பேர் அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். கோபம் யார்மேல் என்பது எழுத எழுதத்தான் தெரிந்தது.

நான் டொரொண்டோவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறேன். ஏப்ரல் மாதம் வந்தால் நீதிமன்றத் தீர்ப்புகள் பற்றிய பாடம் வரும், நாட்டையே திருப்பிவிட்ட தீர்ப்புகள். அதில் ஒன்றை மட்டும் நான் புத்தகத்தைப் பார்க்காமலே படிப்பிப்பேன். 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அகதி என்று கேட்டு வந்தவர் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் பார்த்துவிட்டு “நீ சொல்வதை நம்பவில்லை” என்று அனுப்பக் கூடாது, ஆளைக் கூப்பிட்டு இருத்தி, அவர் வாயால் சொல்வதைக் கேட்கவேண்டும் என்ற தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பினால் எனக்கு உட்கார ஒரு கதிரை கிடைத்தது. பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து தனியாக இங்கே வந்து இறங்கியவள் நான். ஒரு முழு நாள் என்னை இருத்திக் கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் வைத்தார்கள். எனக்கு முன்னால் வந்த யாரோ சிலர் வழக்குப் போட்டு வென்றதால்தான் அந்தத் தண்ணீர் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது வருடா வருடம் முப்பது பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறேன். நேரில் கேட்கப்படுவது எவ்வளவு பெரிய உரிமை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அண்ணனின் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விடுகிறேன்.

2

புத்தகத்தில் உள்ள வழக்குகளுக்கெல்லாம் முடிவு தெரியும். பிள்ளைகள் போனில் தட்டி முடிவைப் பார்த்துவிட்டு, தாங்களே யோசித்ததுபோல எழுதித் தருவார்கள். ஆகவே இந்த வருடம் முடிவு தெரியாத ஒரு வழக்கைக் கொடுத்தேன். என் அண்ணனின் வழக்கையே கொடுத்தேன். கடலை ஏரியாக மாற்றினேன். போரைப் பெருவெள்ளம் ஆக்கினேன். மன்னார் என்ற பெயரை எடுத்துவிட்டேன்.

வழக்கு இதுதான். ஒரு கரை, ஐந்து குடும்பங்கள், கரைவலை இழுப்பதற்கு ஐந்து இடங்கள். அந்த இடத்தை எங்கள் பக்கத்தில் பாடு என்பார்கள். ஐந்தாம் பாட்டில் மீன் கொட்டும். முதலாம் பாட்டில் கல்லும் பாசியும் வலையைக் கிழிக்கும். யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்பதற்காக வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் சீட்டு எடுத்துப் பாடுகளை மாற்றிக்கொள்வார்கள். எடுத்த சீட்டுகளை அன்றைக்கே எரித்துவிடுவார்கள். பிறகு வெள்ளம் வருகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். இருபது வருடம் கழித்து முதலில் திரும்பி வந்த குடும்பம், “ஐந்தாம் பாடு எப்போதும் எங்களுடையது” என்று சொல்லி அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுகிறது. ஆதாரமாக ஒரு பழைய கோயில் சீட்டையும் காட்டுகிறது. பிந்தி வந்த குடும்பங்கள் “இல்லை, அது மாறி மாறி வந்தது” என்கின்றன. அவர்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

பிரதம நீதிபதி லூக்கஸ். பன்னிரண்டு வயது, நல்ல கெட்டிக்காரன். கறுப்புத் துவாய் ஒன்றை அங்கிபோலத் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பை வாசித்தான். ஒருவரிடம் தாள் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. தங்கள் சாட்சியத்தைத் தாங்களே எரித்தவர்கள் இப்போது வந்து அழக்கூடாது. அவ்வளவுதான். வகுப்பு கை தட்டியது.

அமீனா என்ற பிள்ளை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் அதிகம் பேசாதவள். அவளுடைய தாய் தகப்பன் சோமாலியாவிலிருந்து வந்தவர்கள். “எப்போதும் அவருடைய இடம் என்றால் எதற்குச் சீட்டு எடுத்தார்? என் கட்டிலில் நான் படுப்பதற்குச் சீட்டு எடுப்பதில்லையே” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சீட்டை எடுத்தது யார்?”

“ஒரு சின்னப் பிள்ளை. கண்ணைக் கட்டி எடுக்க வைப்பார்கள்.”

“அவள் உயிரோடு இருக்கிறாளா?”

“இருக்கிறாள்.”

“அவளைக் கேட்டால் தெரிந்துவிடுமே. ஏன் கூப்பிடவில்லை?”

“கூப்பிட்டார்கள். அவள் தூரத்தில் வேறு நாட்டில் இருக்கிறாள்.”

லூக்கஸ் தோளைக் குலுக்கினான். “அப்படியென்றால் அவளுக்கு அக்கறை இல்லை.”

“வாயை மூடடா! உனக்கு என்னடா தெரியும்?” என்று தமிழில் கத்தினேன். பதினாறு வருட வேலையில் வகுப்பறைக்குள் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. தமிழ் தெரியாத அத்தனை வாய்களும் மூடிக்கொண்டன. அடுத்த நாள் பள்ளி அதிபர் என்னைக் கூப்பிட்டு, கண்ணீர் துடைக்கும் தாள் பெட்டியை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளி வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கி எறியவேண்டும் போலத்தான் இருந்தது.

3

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. மன்னார்க் கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிற கத்தோலிக்கச் சனம். அந்தச் சின்னப் பிள்ளை நான்தான் என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஏழு, எட்டு, ஒன்பது வயதுகளில் மூன்று வருடம் நான்தான் சீட்டு எடுத்தேன். கோயில் பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், பீடத்துக்குப் பின்னால் உள்ள சிறிய அறைக்குள் மூன்றே மூன்று பேர் போவோம். பங்குக் குருவான சுவாமி, கோயில் மூப்பர், நான். வலைக்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. பிறகு கள்ளம் என்று ஒருவரும் சொல்லக்கூடாதாம். மூப்பர் குடும்பத்தின் பெயரைச் சொல்வார், நான் எடுப்பேன், சுவாமி அந்தத் துண்டிலேயே பெயரை எழுதிக் கையொப்பம் வைத்து, வாசலில் போய் நின்று வாசிப்பார். எல்லாம் முடிந்ததும் சீட்டுகளைத் தூபக்கலசத்து நெருப்பில் போடுவதும் என்னுடைய வேலைதான். போன வருடம் எனக்கு இது விழுந்தது, உனக்கு அது விழுந்தது என்று தாளை நீட்டி யாரும் சண்டை பிடிக்கக்கூடாது என்பதற்காக எரிப்பது. சமாதானத்துக்காகத் தங்கள் உறுதிப் பத்திரத்தைத் தாங்களே எரித்த சனம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்குமா? நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் என்ன?

சுவாமியும் இறந்துவிட்டார், மூப்பரும் இறந்துவிட்டார். அந்த அறையில் நின்றவர்களில் மிச்சம் நான் மட்டும்தான்.

தொண்ணூறில் சண்டை திரும்பவும் தொடங்க, ஊர் கலைந்தது. நாங்கள் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனோம். ஐந்து குடும்பங்களில் ஒன்றான வின்சன் வீட்டார் மடு மாதா கோயிலுக்குப் போய், பிறகு வன்னிக்குள் போனார்கள். போர் முடிந்ததும் முதலில் வந்து குடியேறியது வின்சன்தான். இப்போது வலைக்கும் வள்ளத்துக்கும் முதலாளி, ஊரில் அவர் வின்சன் சம்மாட்டி. ஐந்தாம் பாட்டில் உழவு மெசினில் வலையைக் கட்டி இழுக்கிறார். முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்த என் அண்ணன் சூசை அந்தக் கரையில் கூலிக்கு மீன் தரம் பிரிக்கிறார். ஒரு காலத்தில் அதே பாட்டில் எங்கள் வலையும் விழுந்தது. அண்ணனும் இன்னும் மூன்று குடும்பங்களும் சேர்ந்துதான் வழக்குப் போட்டார்கள்.

வின்சன் நீதிமன்றத்தில் காட்டிய சீட்டின் படத்தை அண்ணன் எனக்கு அனுப்பினார். பார்த்த உடனேயே அது எந்தச் சீட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“பிள்ளை, அது கள்ளச் சீட்டு. எல்லாத்தையும் நீதானே எரிச்சனி. நீ வந்து அதை மட்டும் சொன்னாலே காணும்” என்றார் அண்ணன்.

“லீவு எடுக்கேலாது அண்ணை.”

இரண்டு வருடம் இதே பதில்தான். லீவு இல்லை, பிள்ளைக்குப் பள்ளியில் சோதனை, கணவருக்கு முதுகு வலி. உண்மை வேறு. அது கள்ளச் சீட்டு இல்லை. எனக்கு எட்டு வயதாக இருந்த வருடம் ஐந்தாம் பாடு வின்சன் வீட்டுக்கு விழுந்தது. வின்சனின் தங்கை செலின் என் கூட்டாளி. தங்கள் வீட்டுப் பெயர் எழுதப்போகிற சீட்டுத் துண்டு தனக்கு வேண்டும் என்று அதற்கு முன் ஒரு கிழமையாக அரித்துக்கொண்டிருந்தாள். நான்கைத்தான் நெருப்பில் போட்டேன். ஐந்தாவதைச் சட்டைப் பைக்குள் வைத்து, கோயிலுக்குப் பின்னால் அவள் கையில் கொடுத்தேன். சுவாமி அதில் வருடம் எழுதவில்லை. எரிக்கப்போகிற தாளுக்கு எதற்கு வருடம்?

அடுத்த வருடம் அதே ஐந்தாம் பாடு எங்களுக்கு விழுந்தது. அதுவே கடைசிச் சீட்டு.

4

நேரில் போகாமல் தப்புவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் சாட்சியத்தை எழுதிச் சத்தியக்கடதாசியாக அனுப்பினேன். எங்கள் தகப்பனாரும் அந்தக் கரையில் பங்காளி என்பதை எழுதினேன். சீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் முத்திரை குத்தி, அதற்கு மேல் இன்னொரு கந்தோரில் முத்திரை குத்தி, மூன்றாவது கந்தோரில் போய் நின்றால், முதல் முத்திரை பின்பக்கத்தில் இருக்கிறது, முன்பக்கத்தில் குத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்கள் சனம் ஒரு துண்டுத் தாளுக்காக வாழ்நாள் முழுதும் வரிசையில் நிற்கிறது. அந்தச் சனம்தான் தாளை எரித்தது.

அவ்வளவு அலைந்து அனுப்பியதை எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஒரே வசனத்தில் தள்ளிவிட்டார். சாட்சி நேரில் வரட்டும், குறுக்குக் கேள்வி கேட்கவேண்டும் என்றார். தாளை மட்டும் பார்த்து நம்ப முடியாது, ஆளைக் கேட்கவேண்டும். நான் வகுப்பில் கையை ஆட்டி ஆட்டிப் படிப்பிக்கிற அதே நியாயம்தான். எனக்கு வேண்டியபோது அது உரிமையாக இருந்தது. என்னைத் தேடி வந்தபோது தொல்லையாகிவிட்டது.

அதிபர் கூப்பிட்டுப் பேசிய அன்று சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் தாள்களைத் திருத்தினேன். என் மகன் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மாமாவின் வழக்கைப் பற்றிச் சொன்னேன்.

“அம்மா, அது சும்மா ஒரு பீச் தானே?” என்றான். அதிசயமாகத் தமிழில் சொன்னான். அதற்குச் சந்தோசப்படுவதா, அவனுக்கு ஒரு அறை விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அந்தக் கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கூட்டிக்கொண்டு போனதில்லை. பிறகு அவனைக் குறை சொல்லி என்ன?

அமீனாவின் தாள் கடைசியாக வந்தது. மாறுபட்ட தீர்ப்பு என்று தலைப்புப் போட்டிருந்தாள். கட்டில் உதாரணத்தைத் திரும்பவும் எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். சீட்டு எடுத்த பெண்ணுக்கு அக்கறை இல்லை என்று லூக்கஸ் சொல்வதை நான் ஏற்கவில்லை, அவள் ஏதோ ஒன்றுக்குப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு முழுப் புள்ளி போட்டுவிட்டுப் பயணச்சீட்டைப் பதிவு செய்தேன்.

5

முருங்கன் சந்தியில் பஸ் நின்றபோது அண்ணன் மோட்டார் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வந்திட்டியோ” என்று மட்டும் கேட்டார். வழியெல்லாம் சந்தோசமாகக் கதைத்தார். சட்டத்தரணி என்ன சொன்னார், நான் எங்கே நிற்கவேண்டும், “எல்லாம் எரிச்சனாங்கள்” என்று எப்படி அழுத்திச் சொல்லவேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

பின்னேரம் கரைக்குப் போனோம். ஐந்தாம் பாட்டில் உழவு மெசின் உறுமியது. முன்பு முப்பது பேர் பிடித்து இழுத்த கயிற்றை ஓர் இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருந்தது. வின்சன் தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் கையை உயர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“அப்ப சீட்டு உண்மையானதோ?”

“ஓம் அண்ணை. நான்தான் செலினுக்குக் குடுத்தனான்.”

“ரெண்டு வருசமா கோர்ட்டில நிண்டு அது கள்ளச் சீட்டு எண்டு கத்திக்கொண்டு நிக்கிறன் நான். உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரேல்லை.”

“பயந்து போனன்.”

“இதைச் சொல்லுறதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்.”

“அப்ப பொய் சொல்லட்டோ?”

அண்ணி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டாத இடத்தையெல்லாம் கூட்டினார். கடைசியில் அண்ணன் எழும்பிக் கை கழுவினார்.

“நாலு குடும்பம் பிள்ளை. என்ர ஒண்டு மட்டும் இல்லை. உன்ர வாய், நீ நினைச்சதைச் சொல்லு.”

6

நீதிமன்றத்தில் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். கதிரை இல்லை. தண்ணீரும் இல்லை. ஆனால் கேட்டார்கள்.

எங்கள் சட்டத்தரணிக்கு முதல் நாளே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு அமீனாவின் கட்டில் உதாரணத்தைச் சொன்னேன். “அந்தப் பிள்ளை ஆர்? எங்க சட்டம் படிக்கிறா?” என்று கேட்டார்.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி சீட்டை ஒரு பிளாஸ்திக் உறைக்குள் வைத்து நீட்டினார். நான் அதைக் கையில் வாங்கினேன். சுவாமியின் கோணல் எழுத்து. மடித்த இடம் நைந்து போயிருந்தது.

“இது கோயில் சீட்டு தானே?”

“ஓம்.”

“உண்மையான சீட்டு?”

“உண்மையான சீட்டு.”

பின்வாங்கில் அண்ணன் தலையைக் குனிந்தார். வின்சன் நிமிர்ந்தார்.

“எல்லாச் சீட்டையும் எரிக்கிறது எண்டு உங்கட பக்கத்தார் சொல்லுகினம். இது எப்பிடித் தப்பினது?”

“நான் களவெடுத்தனான்.”

“கோயில்ல களவெடுத்தனீங்களோ?”

“ஓம். எட்டு வயசில.”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் சட்டத்தரணி எழும்பினார். ஒரு பாடு என்றென்றைக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம் என்றால் வருடா வருடம் எதற்குச் சீட்டு எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். எடுத்த மூன்று வருடத்துக்கும் எந்தப் பாடு எந்த வீட்டுக்கு விழுந்தது என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டார். சொன்னேன். ஐந்து வீடு, மூன்று வருடம், ஒன்றும் விடாமல் சொன்னேன். முதலாம் பாடு விழுந்த வீட்டு ஆண்கள் வாசலில் நின்று எப்படி முகத்தைத் திருப்பினார்கள் என்பதும் எனக்கு நினைவிருந்தது, அதையும் சொன்னேன். தட்டச்சுக்காரி இரண்டு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

அன்று தீர்ப்பு இல்லை. அடுத்த தவணை மூன்று மாதம் கழித்து. அடுத்த சாட்சி செலின். எனக்கு விமானம் நான்கு நாளில்.

செலின் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தாள். கையில் செபப்புத்தகம். ஆளை அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நேரே போய் நின்று, “ஏன் அந்தச் சீட்டை வின்சனிட்டைக் குடுத்தனி?” என்று கேட்டேன். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“நான் குடுக்கேல்லை. இதுக்குள்ளதான் கிடந்தது, அண்ணை கண்டு எடுத்திட்டார். மடுவிலயும் வச்சிருந்தனான். வன்னியிலயும் வச்சிருந்தனான். கடைசியா முகாமுக்குள்ள போகேக்க ஆமிக்காரன் பையைக் கொட்டி இது என்னெண்டு கேட்டான். என்ர கூட்டாளி தந்தது எண்டன். சிரிச்சுப்போட்டுத் திருப்பித் தந்தான்.” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ கனடா போய் இவ்வளவு காலம். ஒரு கடிதம் போட்டியோ? எனக்கு அந்தத் துண்டு மட்டும்தானடி இருந்தது.”

லூக்கஸ் கறுப்புத் துவாயோடு தோளைக் குலுக்கியது நினைவுக்கு வந்தது. அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. வின்சன்மேல் உள்ளது போகவில்லை, போகவும் வேண்டாம். மிச்சம் எல்லாம் என்மேல்தான்.

“உன்னைக் கேட்டா என்ன சொல்லுவாய்?”

“எந்த வருசம் தந்தனி எண்டு சொல்லுவன். சுவாமி எனக்கு முதல் நற்கருணை தந்த புதுநன்மை வருசம். மறப்பனோ?” என்றாள். தூரத்தில் நின்ற தமையனைப் பார்த்தாள். “அண்ணையின்ர வீட்டிலதான் இருக்கிறன். அதைச் சொன்னாப் பிறகு எங்க இருப்பன் எண்டு தெரியேல்லை. அந்தத் துண்டைத் திருப்பித் தருவினமோ?”

“வழக்கு முடியும்வரைக்கும் தரமாட்டினம்.”

“அதுக்குள்ள நான் செத்துப்போவன். நீ ஒண்டு எழுதித் தா.”

கைப்பையில் வகுப்புக்குப் பாவிக்கிற மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டு கிடந்தது. ஒன்றைக் கிழித்து, மடியில் வைத்து எழுதினேன். ஐந்தாம் பாடு, செலின் வீட்டார். கீழே என் பெயரை வைத்தேன். பிறகு வருடத்தையும் எழுதினேன்.

அவள் வாங்கி வாசித்தாள். செபப்புத்தகத்தைத் திறந்து, பழைய துண்டு இருந்த பக்கத்தைத் தேடினாள். வைக்கப்போனவள் நின்று என்னைப் பார்த்தாள்.

“இதையும் எரிக்கிறதோ, வைக்கிறதோ?”

“வை,” என்றேன். “இனி ஒண்டையும் எரிக்காத.”